பார்ட் இன்னும் வரவில்லை

டிவி ரெடியானது நான்காம் தேதி, புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு. உரியவர் வீட்டுக்கு நான் அதைக் கொண்டுபோனது இருபத்தொன்றாம் தேதி. நடுவில் பதினேழு நாள் அது என் கடையின் இரண்டாவது அலமாரியில், மேலே துணி போர்த்தி, எந்தக் கோளாறும் இல்லாமல் இருந்தது.

கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். திங்கட்கிழமை காலை போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். முப்பத்திரண்டு இஞ்ச். கடை வாசலில் இரண்டு படி. பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். மேசைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"சத்தம் வருது தம்பி. படம் வரல."

போட்டுப் பார்த்தேன். செய்தி வாசிக்கும் குரல் வந்தது. திரை கருப்பு. டார்ச்சைத் திரையின்மேல் அடித்தேன். வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள் ஒரு முகம் மங்கலாகத் தெரிந்தது. வாய் அசைந்தது.

"ஆளு உள்ளதான் இருக்காரு அண்ணே. கரண்ட் கட்டு, அவ்வளவுதான்."

அவர் குனிந்து பார்த்தார். "அட, ஆமா."

திரைக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் ஒட்டிய பட்டைகள் இருக்கும். ஒரு விளக்கு போனால் எல்லாம் அணைந்துவிடும். விளக்கிச் சொன்னேன். அவருக்கு அது தேவைப்படவில்லை.

"எத்தன நாளாகும்?"

"பார்ட் வரணும். ரெண்டு நாள்."

"ரெண்டே நாள்தானே?"

"ரெண்டே நாள்."

"வீட்ல கேப்பாங்க. அதான்."

வீட்டில் என்றால் மனைவி. வாடிக்கையாளர் எல்லாரும் சொல்வதுதான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் கடை அகலம் எட்டடி. ஒரு பக்கம் மருந்துக்கடை, மறுபக்கம் ஜெராக்ஸ். உள்ளே ஒரு மேசை, மூன்று அலமாரி, ஒரு ஸ்டூல். சுவரில் ஒரு டிவி எப்போதும் ஓடும். ஆறரை மணிக்கு அதில் நாடகம்.

அந்த நாடகத்தை ஆரம்பித்து வைத்தவள் என் மனைவி. அவள் மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போனாள். பேரனுக்கு இப்போது மூன்று வயது. சண்டை ஒன்றும் இல்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அவள் போனபின் ஆறரை மணிக்குச் சத்தத்துக்காக அதைப் போட்டு வைத்தேன். பிறகு கதை பிடித்துக்கொண்டது. இப்போது யாராவது அந்த நேரத்தில் கடைக்குள் வந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

செவ்வாய்க்கிழமை ஆறு இருபத்தைந்துக்கு டிரைவர் வந்தார்.

"சும்மா எட்டிப் பாக்கலாம்னு" என்றார்.

"நாளைக்கு வந்துரும் அண்ணே."

போகத் திரும்பியவர் பாட்டுக் கேட்டு நின்றார். நாடகத்தின் ஆரம்பப் பாட்டு. "வீட்ல சொல்ற நாடகம் இதானா?" என்றார். ஸ்டூலைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

கதை இதுதான். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். சின்னவளுக்கு வேலைக்கு உத்தரவு வந்தது. பெரியவள் அந்தக் கடிதத்தை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். வைத்து நாற்பது நாள் ஆகிறது. சின்னவள் தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறாள்.

"நாப்பது நாளா?" என்றார் டிரைவர். "நாப்பது நாளா அந்த வீட்ல அரிசி எடுக்காமலா சோறு வடிக்கிறாங்க?"

இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை. சிரித்துவிட்டேன். கடையில் நான் சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

சின்னவளின் கணவன் காரில் போகும் காட்சி வந்தது. டிரைவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நேர் ரோட்டுல எதுக்கு ஸ்டியரிங்க இப்படி ஆட்டுறான்? தொட்டில ஆட்டுற மாதிரி."

"நடிப்புதானே அண்ணே."

"ரோட்ட பாக்குறானா பாருங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே வசனம் பேசுறான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டுனேன். பின்னாடி உக்காந்திருந்த ஒருத்தி மூஞ்சியும் எனக்குத் தெரியாது."

ஏழு மணிக்கு எழுந்து போனார். ஸ்டூலை அதன் இடத்தில் வைக்கவில்லை. நானும் நகர்த்தவில்லை.

புதன்கிழமை காலையிலேயே பட்டை வந்துவிட்டது. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதை எடுத்தேன். திரையைக் கழற்றுவதுதான் கஷ்டம். கண்ணாடி காகிதம்போல் மெலிதாக இருக்கும். ஒரு மூலையில் அழுத்தினால் கோடு விழும், பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துத் தூக்கி மெத்தைமேல் வைத்தேன். அடியில் இருந்த வெள்ளைத் தாள்களை வரிசை மாறாமல் எடுத்து அடுக்கினேன். பழைய பட்டையைப் பிய்த்துப் புதியதை ஒட்டி, ஒவ்வொன்றாகத் திரும்ப மூடினேன். மூன்று மணிக்குப் படம் வந்தது. நல்ல படம். புது டிவிபோல் இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம். கடைசி ஆணியை முறுக்கியதும் பேப்பர் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, அன்றைய தேதியை எழுதி, டிவியின் பின்பக்கம் ஒட்டிவிடுவேன். அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு வந்தால் இலவசம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஒட்டியது நினைவிலேயே இருக்காது. கை தானாகச் செய்யும்.

ஆறு இருபத்தைந்துக்கு அவர் வந்தார். கையில் இரண்டு டீ.

"ரெடியா தம்பி?"

கேட்டுக்கொண்டே ஒரு டம்ளரை என் பக்கம் வைத்து, ஸ்டூலை இழுத்து, திரைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். டீயில் ஆவி வந்தது. பாட்டு ஆரம்பித்தது.

"பார்ட் இன்னும் வரல அண்ணே" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சொன்னபின் யோசித்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவருடைய டிவி அவர் தலைக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் துணி போர்த்தி இருந்தது.

வியாழக்கிழமையும் பார்ட் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் என்றேன். தப்பான பட்டையை அனுப்பிவிட்டார்கள், திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்றேன். ஒவ்வொன்றையும் அவர் நம்பினார். "அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்" என்று லாரிக்காரர்களுக்காகப் பரிந்து பேசினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை இழுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு மாற்றாக ஒரு சின்ன டிவி கொடுத்தனுப்புவேன். எல்லாருக்கும் தெரியும், கடைப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. அவரும் அடுத்த திங்கட்கிழமை அதைப் படித்துவிட்டுக் கேட்டார். அது வேறொரு வீட்டில் இருக்கிறது என்றேன். அது மேசைக்கு அடியில், என் காலில் இடித்துக்கொண்டு இருந்தது.

மனைவி ஃபோனில் பேசும்போது இவரைப் பற்றிச் சொன்னேன். அரிசி டப்பா விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"ரொம்ப நாளைக்கப்புறம் வேற ஏதோ பேசுறீங்க" என்றாள். "எப்பப் பாத்தாலும் சாப்பிட்டேன், தூங்கினேன்னு சொல்லுவீங்க. நாடகம் இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

"இங்க பேரன் எங்க பாக்க விடுறான்? நாள் முழுக்கப் பூனையும் எலியும்தான். அவரு டிவி என்னாச்சு?"

"பார்ட் வரல."

அவளிடம் எதற்குப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளால் அந்த டிவிக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. விளம்பரம் வந்தபோது டிரைவர் சட்டைப் பையிலிருந்து மருந்துக்கடைச் சீட்டு ஒன்றை எடுத்தார். அதன் பின்புறம் பென்சிலால் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'பெரியவள் மாடியில் ஃபோன். மாமனாருக்கு இருமல். கார் நின்றது' என்று இருந்தது.

"என்ன அண்ணே இது?"

"கதை. மறந்துடுறேன். போனதும் கேப்பா."

"அண்ணியா?"

"ஒண்ண விட்டாலும் கண்டுபிடிச்சிருவா. அவ ஏன் அழுதா, அதுக்கு முன்னாடி யாரு என்ன சொன்னா, என்ன சேலை கட்டியிருந்தான்னு குறுக்கு விசாரணை. கோர்ட்டு கெட்டுது."

"நாடகம்னா அவ்வளவு பிடிக்குமா அவங்களுக்கு?"

"பிடிக்கிறதென்ன. படுத்துக் கிடக்கிறா. வேற என்ன இருக்கு?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எட்டு மாசம் ஆச்சு தம்பி. குளிக்கிற இடத்துல விழுந்துட்டா. இடுப்பு. ஆபரேஷன் பண்ணியும் உக்காரத்தான் முடியுது, நடக்க முடியல. டிவியே அவளுக்குத்தான். நான் எங்க பாத்தேன் இதெல்லாம்? இங்க வந்துதானே."

"அப்ப இந்த நேரத்துல அவங்ககூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. தண்ணிய பக்கத்துல வச்சுட்டு வருவேன். அவதான் போ போன்னு தள்ளுவா. ஒரு நாள் விட்டா கதை புரியாதாம்."

விளம்பரம் முடிந்தது. பெரியவள் கதவைச் சாத்திவிட்டு அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தாள். கடிதம் இருந்தது. திரும்ப மூடினாள்.

"தெரிஞ்சே மறைக்கிறா பாருங்க" என்றார் டிரைவர். "இவளுக்கெல்லாம் ராத்திரி எப்படித் தூக்கம் வருது?"

ஏழு மணிக்கு எழுந்து செருப்பை மாட்டினார்.

"அந்தப் பார்ட்ட சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க தம்பி."

"சரி அண்ணே."

அதுவரை ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளுக்கு எனக்குச் சாக்கு உண்டு. எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு எட்டு நாள். அதற்குச் சாக்கு இல்லை.

சனிக்கிழமை காலை துணியை எடுத்தேன். டிவியைத் துடைத்தேன். சனி ஞாயிறு நாடகம் இல்லை, திங்கட்கிழமை கொண்டுபோனால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பப் போர்த்தினேன்.

திங்கட்கிழமை அவர் சிரித்துக்கொண்டே வந்தார். முந்தின நாள் முழுக்க மாமனார் இருமுவதைச் செய்து காட்டி அவளைச் சிரிக்க வைத்தாராம். "கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல நான் அவகிட்ட இவ்வளவு பேசினதில்ல" என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். ஒருவகையில் நல்லதுதான் நடக்கிறது என்று என்னிடமே சொன்னேன். செவ்வாய்க்கிழமை வரை அது தாங்கியது.

செவ்வாய்க்கிழமை அவர் வரும்போது ஆறு நாற்பது. வேர்த்திருந்தது. கிளம்பும் நேரத்தில் அவளுக்குப் படுக்கையை மாற்ற வேண்டியிருந்ததாம். "முதல் பத்து நிமிஷம் என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று சீட்டை எடுத்தார். நான் சொன்னேன், அவர் எழுதினார். என் பொய்யால் ஒரு மனிதர் வேர்த்து ஓடி வந்து பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்கலாம். பார்ட் இன்றைக்கு வந்தது, இப்போதுதான் மாட்டினேன், எடுத்துப் போங்கள் என்று சொன்னால் முடிந்தது. பொய்தான், ஆனாலும் டிவி வீடு போய்ச் சேர்ந்திருக்கும். ஆறு இருபத்தைந்து வரை அதைத்தான் சொல்வதாக இருப்பேன். அவர் படியேறி வந்து, டீயை வைத்து, ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்கும். புதன் போனது. வியாழன் போனது.

வியாழக்கிழமை நாடகத்தின் முடிவில், நாளை கடிதம் வெளியே வரும் என்று காட்டினார்கள். டப்பா உருண்டது, கடிதம் தரையில் விழுந்தது, அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

"நாளைக்கு நேரத்தோட வந்துருவேன்" என்றார் டிரைவர். "இத விட்டா அவ என்ன வீட்டுக்குள்ள விடமாட்டா."

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு நானே இரண்டு டீ வாங்கி வைத்தேன். பாட்டு முடிந்தது. ஸ்டூல் காலியாக இருந்தது. கடிதம் விழுந்தது. அதை எடுத்தது அந்த வீட்டுக் குழந்தை. சின்னவள் பிரித்துப் படித்தாள். "இது இங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். பெரியவள், "எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முடிந்தது.

நான் அந்த அரை மணி நேரமும் வாசலைத்தான் பார்த்தேன். நாற்பது நாளுக்கும் மேலாக டிரைவரின் மனைவி காத்திருந்த ஒரு காட்சி. அவர்களுடைய டிவியில் ஓடியிருக்க வேண்டியது. இப்போது அவர்கள் இரண்டு பேருக்கும் இல்லாமல் எனக்கு மட்டும் ஓடியது. அவருடைய டீயில் ஏடு படிந்திருந்தது.

சனிக்கிழமை காலை கடையைத் திறக்கவில்லை. டிவியை அதே போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். ரசீதில் முகவரி இருந்தது. நான்கு தெரு தள்ளி, இரண்டாவது மாடி. படியில் தூக்கும்போது எண்ணினேன். முப்பத்தாறு படி. அவர் இதை எப்படித் தனியாக இறக்கினார் என்று தெரியவில்லை.

கதவைத் திறந்த டிரைவர் என்னையும் போர்வையையும் பார்த்தார்.

"வந்துருச்சா" என்றார். உள்ளே திரும்பி, "ஏய், வந்துருச்சு" என்றார்.

ஒரே அறைதான் பெரியது. சுவரோரம் கட்டில். அதில் தலையணை அடுக்கிச் சாய்ந்து அவர் மனைவி. கால்மேல் போர்வை. கூந்தலை இறுக்கிப் பின்னியிருந்தார். கட்டிலுக்கு நேரெதிரே ஒரு மேசை. காலியான மேசை. அந்த அறையில் மருந்து, பாத்திரம், துணி என்று எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று இருந்தது. அந்த மேசைமேல் மட்டும் எதுவும் வைக்கவில்லை. சுருட்டிய ஒயரைக்கூட மேசைமேல் வைக்காமல் ஓரமாகத் தரையில் வைத்திருந்தார்கள்.

"நேத்து காய்ச்சல் இவளுக்கு" என்றார் டிரைவர். "விட்டுட்டு வர முடியல."

"அத விடுங்க" என்றார் அவர் மனைவி. "மெக்கானிக்கு, நேத்து நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் அண்ணி."

"உக்காருங்க. சொல்லுங்க."

டிவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். குழந்தை வந்தது, டப்பா உருண்டது, சின்னவள் படித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நாப்பது நாளுக்கு மேல அரிசி டப்பாவுக்குள்ள இருந்துச்சு அண்ணி" என்றேன். "யாரும் அரிசி எடுக்கல போல."

"இவரு சொன்னாரா? அது பழைய டப்பா. அடுப்படி பரண்ல கிடக்கிறது. மொத நாளே காட்டுனாங்களே. இவரு கார் ஓட்டுறத மட்டும்தான் பாப்பாரு. ரெண்டு வாரமா எனக்கு எந்தக் கார் எங்க நின்னுச்சுன்னுதான் கதை."

டிரைவர் டிவிக்கு அருகில் நின்று சிரித்தார். "இருமல் நல்லா பண்ணினேன்ல?"

"இருமல் நல்லா பண்ணுனீங்க" என்றார் அவர். என்னைப் பார்த்தார். "பெரியவ என்ன சொன்னா?"

"எனக்கு எப்படித் தெரியும்னு சொன்னா."

"சின்னவ நம்பிட்டாளா?"

"ஒண்ணும் சொல்லல. நம்பிட்டான்னு நெனைக்கிறேன்."

"அவ மூஞ்சியக் காட்டுனாங்களா?"

"கடைசில காட்டுனாங்க. சும்மா பாத்துக்கிட்டே நின்னா."

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

டிரைவர் ஒயரை எடுத்துக்கொண்டு டிவியின் பின்னால் குனிந்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. துடைத்திருக்கிறேன், சுற்றியிருக்கிறேன், தூக்கியிருக்கிறேன். பின்பக்கத்தை நூறு முறை பார்த்திருப்பேன். பேப்பர் டேப். நான்காம் தேதி. என் கையெழுத்து.

ஒரு ஒயரைச் செருக அவ்வளவு நேரம் ஆகாது.

"என்ன, ஓட்டை கிடைக்கலையா?" என்றார் அவர் மனைவி.

"கிடைச்சிருச்சு."

நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். சும்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

ரிமோட்டை அமுக்கினார். படம் வந்தது. ஏதோ ஒரு பழைய பாட்டு. அந்தம்மாவின் முகத்தில் வெளிச்சம் பட்டது. கைகளைப் போர்வைக்கு வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"படம் முன்ன விட நல்லா இருக்கே" என்றார். "எனக்குச் சத்தம் மட்டும் இருந்தாலே போதும்னுதான் சொன்னேன். குரலக் கேட்டே கதை புரியும். இவருதான் கேக்காம தூக்கிட்டுப் போனாரு. அந்தப் பார்ட்டு கிடைக்க இவ்வளவு நாளா?"

நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அண்ணி" என்றேன்.

"பாவம், உங்களுக்கும் தொந்தரவு. தினமும் இவரு வேற வந்து உக்காந்து உசுர வாங்கியிருப்பாரு. திங்கக்கிழமை நீங்க இங்க வந்துருங்க. மூணு பேருமா பாப்போம்."

வாசலில் செருப்பை மாட்டினேன். டிரைவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு என்னோடு ஒரு சுற்றுப் படி இறங்கி வந்தார். கைப்பிடியைப் பிடித்து நின்றார்.

"நாலாந்தேதியா?"

"ஆமா அண்ணே."

"நாலாந்தேதி நான் டீ வாங்கிட்டு வந்தேன்."

"ஆமா."

"எதுக்குத் தம்பி?"

"கூட உக்காந்து பாக்க ஆளில்ல அண்ணே" என்றேன்.

மேலே பாட்டு மாறியது.

"வாங்கன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்றார். "டிவிய வீட்ல போட்டுட்டு, அவளையும் பாக்க வச்சுட்டு, அங்க வந்திருப்பேனே. இல்லன்னா நீங்க இங்க வந்திருக்கலாம். முப்பத்தாறு படி."

நான் படியைப் பார்த்தேன்.

"என்ன விடுங்க. நான் நாடகம் பாத்தேன், டீ குடிச்சேன். அவதான்." கைப்பிடியைத் தட்டினார். "அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா நீங்க சொல்லுங்க. சொல்ல முடியலன்னா திங்கக்கிழமை வராதீங்க. அவ கூப்பிட்டா. நான் கூப்பிடல."

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஃபோன் செய்தாள். "பார்ட் வந்துச்சா?" என்று கேட்டாள். நினைவு வைத்துக் கேட்டாள். "நாலாந்தேதியே வந்துச்சு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் பூனையும் எலியும் ஓடும் சத்தம் கேட்டது. "ஏங்க" என்றாள். பிறகு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கடையைச் சாத்தினேன். பூட்டிவிட்டு நின்றேன். திறந்தேன். சுவர் டிவியைப் போட்டேன். அணைத்தேன். மறுபடி பூட்டினேன். போய்ச் சேர்ந்தபோது மேலே பாட்டு ஆரம்பித்துவிட்டது. கதவு திறந்தே இருந்தது.

"வாங்க, வாங்க. ஆரம்பிச்சிட்டான்" என்றார் அவர் கட்டிலிலிருந்து.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் டிரைவர். இன்னொன்று காலியாக இருந்தது. டிரைவர் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"விளம்பரத்துல சொல்லுங்க."

உட்கார்ந்தேன். சின்னவள் வேலைக்குப் போகும் முதல் நாள். பெரியவள் அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். சின்னவள் வாங்கிக்கொண்டாள், ஒன்றும் பேசவில்லை.

"பாத்தீங்களா" என்றார் அந்தம்மா. "தெரியும்னு நான் சொன்னேன்ல."

விளம்பரம் வந்தது. டிரைவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுவதும் குறைத்தார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. திரையில் யாரோ பல் துலக்கினார்கள்.

"என்ன மெக்கானிக்கு?"

"உங்க டிவி நாலாந்தேதியே ரெடியாயிடுச்சு அண்ணி. பார்ட் வரலன்னு சொன்னது பொய். அண்ணன் வந்து உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாரு. அவரு வரணும்னு சொன்ன பொய். நீங்க படுத்திருக்கிறது பதிமூணாந்தேதியே தெரியும். அதுக்கப்புறமும் சொன்னேன்."

அந்தம்மா கணவரைப் பார்த்தார். டிரைவர் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தம்மா விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்தது. சனி ஞாயிறு வந்தபோது விரலை நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.

"பதிமூணு நாடகம்" என்றார்.

"ஆமா அண்ணி."

"இவரு சட்டைய மாட்டிக்கிட்டுக் கிளம்புவாரு. நானே போகச் சொல்லுவேன். அப்புறம் இவரு வர்ற வரைக்கும் அந்த மேசையப் பாத்துக்கிட்டு இருப்பேன்." மேசையைக் காட்டினார். "அதுல பாக்க ஒண்ணுமில்ல. ஆனா அங்கதான் பாப்பேன். கழுத்து அந்தப் பக்கம்தான் திரும்பும்."

எழுந்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்தேன். மன்னிப்புக் கேட்கவா, கிளம்பவா என்று தெரியவில்லை. கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தேன். விளம்பரம் முடிந்து நாடகத்தின் வெளிச்சம் என் முதுகில் விழுந்தது.

"மறைக்காதீங்க" என்றார் அந்தம்மா.

கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலி மட்டும்தான் மறைக்காத இடம். உட்கார்ந்தேன். டிரைவர் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு நாடகத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.